சைனஸுக்கு முதலில் எது: டி.என்.ஏ சோதனையா, கசப்புத் தாளா, மூக்குக்குள் கேமராவா?

மருந்தகக் கவுண்டரில் நிற்கிற எனக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பது அன்றாட வேலை. புகைமூட்டக் காலத்தில் கோலாலம்பூரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் புகை போன பிறகும் மழை விட்ட பிறகும் வருடம் முழுக்க அதே அடைப்போடு வருகிறவர்கள் சிலர் உண்டு. செந்தூலிலிருந்து வரும் ஓர் அண்ணன் அப்படித்தான். அவர் ஒருநாள் கேட்டார்: “தங்கச்சி, நாக்குல கசப்பு தெரியாதவங்களுக்குத்தான் சைனஸ் விடவே விடாதாமே. ஜீன்லயே இருக்காம், மக படிச்சுட்டு சொன்னா. சில நூறு வெள்ளி கட்டி டி.என்.ஏ டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?”

அவர் மகள் படித்தது வெறும் புரளி இல்லை. அதன் பின்னால் நல்ல ஆய்வு இருக்கிறது. ஆனால் ஆய்வு உண்மையாக இருப்பதும், அதற்காக நாம் காசு செலவழிப்பதும் வேறு வேறு. நாள்பட்ட சைனஸ் உள்ள ஒருவருக்கு இன்றைக்கு நான்கு வழி இருக்கிறது. எச்சிலைக் குப்பியில் போட்டு அனுப்பி மரபணுவைப் பார்க்கலாம். கசப்புத் தாளை, அதாவது கசப்புப் பொருள் தடவிய தாளை, நாக்கில் வைத்துப் பார்க்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் மூக்குக்குள்ளேயே பார்க்கலாம். எந்தச் சோதனையும் இல்லாமல், ஒழுங்காக மூக்கைக் கழுவி ஸ்பிரே போட்டு மூன்று மாதம் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுவுவதை இன்றே தொடங்குங்கள். மருத்துவரைப் பார்க்க இந்த வாரமே பதிவு செய்யுங்கள். கசப்புத் தாள், அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும்போது யோசிக்கலாம். டி.என்.ஏ சோதனை கடைசி. நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சோதனையின் முடிவு கைக்கு வந்த மறுநாள் நீங்கள் செய்கிற காரியம் எதுவாவது மாறுமா?

முதலில் அந்த ஜீன் விஷயம். 1931இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற தூளைக் கையாண்டுகொண்டிருந்தார். தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. சிலருக்கு அது கடும் கசப்பு, சிலருக்கு வெறும் தாள் மாதிரி என்றும், அது குடும்பங்களில் வழிவழியாக வருகிறது என்றும் பிறகு தெரிந்தது. பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு பி.டி.சி. தடவிய தாளைச் சப்பிப் பார்த்த நினைவு இருக்கலாம். அதற்குக் காரணமான ஜீனை 2003இல்தான் கண்டுபிடித்தார்கள். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் டாஸ்2ஆர்38. அது உருவாக்கும் கசப்பு உணர்வியில் மூன்று இடங்களில், அதாவது 49, 262, 296 ஆகிய இடங்களில், அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த அமிலங்களின் முதலெழுத்தை வைத்து, கசப்பை உணரும் வகையை பிஏவி என்றும், உணராத வகையை ஏவிஐ என்றும் சொல்கிறார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. இரண்டும் பிஏவி என்றால் தாள் குமட்டுகிற அளவுக்குக் கசக்கும். இரண்டும் ஏவிஐ என்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் ஒன்றுமாக இருப்பவர்கள் நடுவில்.

நாக்கில் இருக்கிற உணர்வி மூக்கில் என்ன செய்கிறது? இதுதான் இந்த விஷயத்திலேயே அழகான பகுதி. மூக்கின் உட்சுவரிலும் சைனஸ் அறைகளிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை இடைவிடாமல் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை நகரும் படிக்கட்டு மாதிரி தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லீ, நோவாம் கோகன் ஆகியோரின் குழு, அதே கசப்பு உணர்வி இந்த மயிரிழைகளிலும் இருப்பதைக் காட்டியது. அங்கே அது ருசி பார்க்கவில்லை. சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ள ஒருவகை ரசாயனத்தை வெளியிடும். அந்த ரசாயனத்தை இந்த உணர்வி மோப்பம் பிடித்துவிடுகிறது. உடனே செல்லில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அது மயிரிழைகளை வேகமாக அடிக்க வைக்கிறது. பாக்டீரியாவை நேராகவும் கொல்கிறது. இவையெல்லாம் நிமிடக் கணக்கில் நடப்பவை. நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து சேருவதற்கு முன்பே மூக்கு தானாகச் சண்டையைத் தொடங்கிவிடுகிறது. இரண்டு பிஏவி பிரதி உள்ளவர்களின் மூக்குச் செல்களில் இந்தப் பதில் பலமாக இருந்தது. மற்றவர்களிடம், ஒரே ஒரு பிஏவி உள்ளவர்களிடமும்கூட, வெகுவாகக் குறைந்திருந்தது.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு நோயாளிகளைப் பார்த்தார்கள். சைனஸுக்கு அறுவை சிகிச்சை வரை போனவர்களிடையே, இரண்டு பிஏவி உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தார்கள். மூக்கில் சதை வளர்ச்சி இல்லாத சைனஸ் நோயாளிகளில், அறுவைக்குப் பிறகு இரண்டு பிஏவி உள்ளவர்களுக்குக் குணம் நன்றாகத் தெரிந்தது என்றும் எழுதினார்கள். ஆனால் ஐரோப்பாவில் வேறு குழுக்கள் பார்த்தபோது நோய்க்கும் ஜீனுக்கும் அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் செல்கள் நடந்துகொண்ட விதம் உறுதியாக நிற்கிறது. அது ஒரு தனி மனிதரின் நோயை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதில்தான் முடிவுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. காரணம் புரியாத விஷயமும் இல்லை. நாள்பட்ட சைனஸ் என்பது ஒரே நோய் கிடையாது. ஒருவருக்குப் படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சி ஒவ்வாமை, இன்னொருவருக்குச் சதை வளர்ச்சி, வேறொருவருக்கு மேல்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து ஏறிய சீழ். இவர்களையெல்லாம் ஒரே கூடையில் போட்டு ஒரு ஜீனைத் தேடினால் விடை கலங்கலாகத்தான் வரும்.

நம் வீடுகளில் இதைக் கேட்டவுடன் வருகிற முதல் பதில் பாகற்காய். “எனக்குப் பாகற்காய் கசக்கத்தானே செய்யுது, அப்ப என் ஜீன் நல்ல ஜீன்தானே?” அப்படிச் சொல்ல முடியாது. மனிதருக்குக் கசப்பு உணர்விகள் ஏறக்குறைய 25 வகை. பாகற்காயின் கசப்பும் நிலவேம்பின் கசப்பும் மலேரியா மருந்தான கொய்னாவின் கசப்பும் வேறு உணர்விகள் வழியாக வருபவை. டாஸ்2ஆர்38 பிடிப்பது கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துக் கசப்பை. சீனக் கடைகளில் கிடைக்கும் கடுகுக்கீரையோ கைலானோ அதிகம் வேகாமல் தட்டுக்கு வரும்போது ஒருவர் முகம் சுளிப்பார், பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் தெரியாமல் சாப்பிடுவார். அங்கேதான் இந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். அதுவும் குத்துமதிப்புதான்; பழக்கமும் சமையலும் சேர்ந்து ருசியை மாற்றிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது ஆபத்தில் முடியும். கசப்பு உணர்வி மூக்கைக் காக்கிறது என்றால் பாகற்காய்ச் சாறு குடித்தால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். வயிற்றுக்குப் போகிற கசப்பு மூக்கின் மயிரிழைகளைத் தட்டி எழுப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைவிட மோசம், சாற்றையோ கஷாயத்தையோ மூக்கிலேயே விடுவது. மூக்கின் மேற்பகுதியில் வாசனை நரம்புகள் திறந்து கிடக்கின்றன. துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல் சிலவற்றால் வாசனையே போய்விடுகிறது என்று 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது. சளிக்கு நல்லது என்று கடையில் விற்ற பொருள்தான் அதுவும். மூக்குக்குள் போகலாம் என்று மருத்துவம் ஒப்புக்கொண்டதைத் தவிர வேறெதையும் விடாதீர்கள்.

சரி, இப்போது டி.என்.ஏ சோதனை. எச்சில் மாதிரியை அனுப்பினால் சில வாரங்களில் அறிக்கை வரும். பல தொகுப்புகளில் “கசப்புச் சுவை” என்று ஒரு பக்கம் இருக்கும். சோதனை துல்லியமாகத்தான் சொல்லும். இரண்டு பிஏவியா, கலப்பா, இரண்டு ஏவிஐயா என்பதில் பெரும்பாலும் சந்தேகம் இருக்காது. என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். இரண்டு ஏவிஐ என்று வந்தால் மறுநாள் என்ன செய்வீர்கள்? அந்த உணர்வியைத் தூண்டிச் சைனஸைக் குணப்படுத்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் சந்தையில் இல்லை. ஆகவே மூக்கைக் கழுவி, ஸ்பிரே போட்டு, மருத்துவரைப் பார்ப்பீர்கள். இரண்டு பிஏவி என்று வந்தால்? அதே மூக்கடைப்பு உங்களுக்கு இருக்கத்தானே செய்கிறது, அதையேதான் செய்வீர்கள். இரண்டு பதிலுக்கும் ஒரே வேலை என்றால் அந்தக் காசு வேறு எங்காவது போகலாம். அப்புறம், எச்சில் குப்பியோடு உங்கள் முழு மரபுத் தகவலும் வெளியே போகிறது. உங்களோடு சேர்த்து உங்கள் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் பற்றிய தகவலும் அதில் அடக்கம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, காப்புறுதி நிறுவனம் கேட்டால் கொடுப்பார்களா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

கசப்புத் தாள் இதைவிட எனக்குப் பிடித்த வழி. விலை அற்பம், ஊசி இல்லை, தரவு எங்கும் போவதில்லை. முதலில் வெறும் தாளை நாக்கில் வைக்க வேண்டும், பிறகு பி.டி.சி. அல்லது அதே மாதிரிக் கசக்கும் ப்ரோப் என்ற பொருளைத் தடவிய தாளை. வெறும் தாளில் “கசக்குது” என்கிறவர் பயத்தில் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். சாப்பிட்ட உடனேயோ காப்பி குடித்த உடனேயோ பார்க்கக் கூடாது. வாசனை போன சைனஸ் நோயாளிக்கு எப்படிக் கசப்பு தெரியும் என்று கேட்பார்கள். வாசனை போனால் ரசத்தின் மணமும் கறியின் வாசமும் போய்விடும். ஆனால் நாக்கில் படும் கசப்பு, உப்பு, புளிப்பு, இனிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே தாள் அவர்களுக்கும் செல்லும். குறை என்னவென்றால், நடுவில் இருப்பவர்களை அது சரியாகப் பிரிக்காது. மிதமாகக் கசக்கிறது என்று சொல்கிறவருக்குக் கலப்பு ஜீனா, இரண்டு பிஏவியா என்று தாள் சொல்லாது. மூக்குச் செல்களின் பதிலில் முக்கியமான வித்தியாசமே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அப்படியானால் தாளை எப்போது பார்க்கலாம்? சதை வளர்ச்சி இல்லாத சைனஸ், மருந்துக்கு மசியவில்லை, அறுவை செய்யலாமா என்று மருத்துவர் கேட்கிறார் என்று வையுங்கள். அப்போது இரண்டு பக்கமும் எடை போடுவதற்கு அது ஒரு சிறு குறிப்பு. “கசப்பே தெரியவில்லை, டாக்டர். அறுவைக்குப் பிறகு நான் கூடுதல் கவனமாகக் கழுவ வேண்டியிருக்குமா?” என்று கேட்கலாம். கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தாளின் பதிலை வைத்து அறுவையை வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த அளவுக்குச் சான்று இன்னும் திரளவில்லை.

மூன்றாவது வழியில்தான் பதில்கள் கொட்டுகின்றன. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் மூக்கடைப்பு அல்லது முன்னாலோ தொண்டைக்குள்ளோ ஒழுகும் சளி, கூடவே முகத்தில் கனம் அல்லது வாசனைக் குறைவு. இவை இருந்தால் நாள்பட்ட சைனஸ் என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பியோ சிடி ஸ்கேனோ வேண்டும். தலைவலி இருந்தாலே சைனஸ் என்று பெயர் வைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் எத்தனையோ பேருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. மூக்குக்குள் பார்த்தால் சுத்தமாக இருக்கும். அவர்களுக்குக் கசப்பு ஜீனும் வேண்டாம், சைனஸ் மருந்தும் வேண்டாம். இதை மட்டும் தெரிந்துகொண்டாலே பல வருட ஆன்டிபயாட்டிக் மிச்சம்.

எண்டோஸ்கோப்பி என்றால் பயப்படுகிறார்கள். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனான குழாய், முனையில் விளக்கு. மூக்கில் மரத்துப்போக ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் உட்காரவைப்பார்கள். ஸ்பிரே தொண்டைக்கு இறங்கும்போது கசப்பாக இருக்கும். பிறகு குழாய் உள்ளே போகும். அழுத்துகிற மாதிரி இருக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் திரையில் நீங்களே பார்க்கலாம். சதை உரித்த திராட்சை மாதிரி தொங்குகிறதா, சைனஸ் அறை வாசலிலிருந்து மஞ்சளாகச் சீழ் வழிகிறதா, நடு எலும்பு வளைந்திருக்கிறதா என்று மருத்துவர் காட்டுவார். சீழ் வந்தால் அதைத் துடைத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இது ஏன் முக்கியம் என்று பாருங்கள். கசப்பு உணர்வி குறிப்பாக மோப்பம் பிடிப்பது சூடோமோனாஸ் போன்ற கிருமிகளை. அந்தக் கிருமியை விரட்டும் திறன் உங்கள் ஜீனில் எவ்வளவு என்று டி.என்.ஏ சோதனை ஊகிக்கச் சொல்கிறது. கிருமி உங்கள் மூக்கில் இப்போது இருக்கிறதா, எந்த மருந்துக்குச் சாகும் என்று கல்ச்சர் நேராகவே சொல்லிவிடுகிறது. மறுநாள் மருந்துச் சீட்டு மாறும். சதை வளர்ச்சி என்று தெரிந்தால் போகும் வழியே வேறு. ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவைப்பட்டால் அறுவை, கடுமையானவர்களுக்கு 2019 முதல் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் போன்ற ஊசி மருந்துகள் வரை இருக்கின்றன. இந்த ஊசிகள் விலை அதிகம், எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் சதை வளர்ச்சி இருக்கிறதா என்பதே தெரியாமல் அந்தப் பேச்சே எழாது.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனையிலோ பினாங்கு மருத்துவமனையிலோ நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. காத்திருக்க வேண்டும், அது உண்மை. தனியார் மருத்துவமனையில் சீக்கிரம் முடியும், பில் பெரிதாக வரும். அவசர அறிகுறி இல்லையென்றால் நான் அரசாங்க வரிசையில் பெயரைப் போட்டுவிட்டு, அந்தக் காத்திருப்பைக் கழுவுகிற காலமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூன்று மாதம் ஒழுங்காகக் கழுவியும் சரியாகவில்லை என்று போய்ச் சொன்னால் மருத்துவருக்கு அடுத்த படி எடுப்பது சுலபம்.

கழுவுவது கேட்பதற்குச் சாதாரணமாக இருப்பதால்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. செந்தூல் அண்ணனும் “அதெல்லாம் செஞ்சாச்சு தங்கச்சி” என்றார். விசாரித்தால், குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி உறிஞ்சியிருக்கிறார். அது கழுவுவது ஆகாது, ஆபத்தும் கூட. குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைக் குடித்த சம்பவங்கள் உலகில் உண்டு. மிக அரிது என்றாலும் தவிர்ப்பது சுலபம். கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே வேண்டும். 250 மில்லிக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அளக்கச் சலிப்பாக இருந்தால் மருந்தகத்தில் பொட்டலமாகவே கிடைக்கும். வெதுவெதுப்பாக இருக்கட்டும். அழுத்துகிற போத்தலே நல்லது. சிறு ஸ்பிரே குப்பி சைனஸ் வரை எட்டாது. தொட்டிக்கு மேல் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு துவாரத்தில் மெதுவாக அழுத்தினால் மறுதுவாரம் வழியாக வழியும். காது அடைப்பதுபோல் இருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். போத்தலைக் கழுவிக் காயவையுங்கள். நம் ஈரக்காற்றில் மூடிவைத்த போத்தலில் பூஞ்சை பிடித்துவிடும்.

கழுவிய பிறகு கொஞ்ச நேரம் விட்டு, மருத்துவரோ மருந்தாளரோ சொன்ன ஸ்டீராய்டு ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை நடு எலும்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தைப் பார்க்கும். நடு எலும்பில் அடித்தால் ரத்தம் கசியும், மருந்தும் வீண். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குத்தான் போகும். நாலு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உடனே மூக்கைத் திறந்துவிடுகிற இன்னொரு வகை ஸ்பிரே உண்டு, ஆக்ஸிமெட்டசோலின் போன்றவை. அதை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் மூக்கு அதற்கு அடிமையாகி, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். கவுண்டரில் நான் அதிகம் வாதாடுவது இந்தக் குப்பியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களிடம்தான்.

ருசி உணர்விகளில் நம்மவர்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிற பாதி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. இனிப்பு உணர்வி. 2014இல் அதே பென்சில்வேனியா குழு, மூக்கில் தனித்தனியாக இருக்கும் சில செல்களில் கசப்பு உணர்வியும் இனிப்பு உணர்வியும் சேர்ந்திருப்பதைப் பற்றி எழுதியது. அங்கே கசப்பு தட்டினால் கிருமிகொல்லிப் புரதங்கள் கொட்டும். பக்கத்தில் சர்க்கரை இருந்தால் இனிப்பு உணர்வி அதைத் தடுத்துவிடும். ஆரோக்கியமான மூக்கில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று தீர்க்கும்போது இந்தத் தடை விலகி, சண்டை தொடங்கும். நாள்பட்ட சைனஸ் உள்ளவர்களின் மூக்குச் சளியில் குளுக்கோஸ் கூடுதலாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மூக்குச் சளியிலும் ஏறும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மற்ற இனங்களைவிட அதிகம். சர்க்கரையைக் குறைத்தால் சைனஸ் போய்விடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மாற்ற முடியாத கசப்பு ஜீனுக்குச் சில நூறு வெள்ளி கொடுக்க யோசிக்கிறவர், மாற்றக்கூடிய சர்க்கரையை ஒரு வெள்ளி கிளினிக்கில் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது எனக்கு மனம் கேட்கவில்லை. நீரிழிவு உள்ளவர் சைனஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கினால் சர்க்கரை எகிறும் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீரிழிவோடு முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் சுற்றி வலித்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, மூக்கில் கறுப்பாகக் கட்டினாலோ வரிசை, கடிதம் எதுவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டுமே அடைப்பும் ரத்தமும் விடாமல் வந்தாலும் மருந்தகத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். மூக்கின் பின்பகுதிப் புற்றுநோய் இந்த நாட்டில் அரிதானதல்ல.

மரபணுச் சோதனை எல்லாருக்குமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவைப்படுகிறவர்கள் வேறு சிலர், தேவைப்படுகிற ஜீன்களும் வேறு. பிறந்த சில நாட்களிலிருந்தே மூக்கு ஒழுகல் நிற்காத குழந்தை, வருடம் முழுக்கச் சளி இருமல், திரும்பத் திரும்பக் காதில் சீழ், சில பிள்ளைகளுக்கு இதயம் வலப்பக்கம். இது மயிரிழைகள் பிறவியிலேயே அசையாத நோயாக இருக்கலாம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பெரும்பாலும் இந்த நோய் வரும். ஆகவே மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொண்ட குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். இந்தச் சொந்தத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய தடயம். இங்கே மரபணுச் சோதனையின் பதில், பிள்ளையின் நுரையீரலை எப்படிக் காப்பது, அடுத்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு என்பது வரை மாற்றும். கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கென மரபியல் துறையே இருக்கிறது. குழந்தை மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு போகலாம்.